கரையை அளக்க வரும்போது ஊரையும் கூப்பிடுங்கள்

கடலோர மாவட்ட ஆட்சியர்களுக்கும் வருவாய்த்துறை, மீன்வளத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நாகப்பட்டினம், மயிலாடுதுறை கரையில் இருக்கும் மீனவக் கிராமங்களின் ஊர் பஞ்சாயத்து உங்களுக்குப் புதிதல்ல. இது அரசின் ஊராட்சி மன்றம் அல்ல, மீனவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் சபை. மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலையால் தகராறு முற்றினால், ஊர்த் தலைவர்களான நாட்டார்களையும் பஞ்சாயத்தார்களையும்தான் பேச்சுவார்த்தைக்கு அழைக்கிறீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான்.

நிலம் என்று வந்தால் மட்டும் அந்த ஊர் கணக்கில் வருவதில்லை. பதிவேட்டில் கரை வெறும் புறம்போக்கு. ஆனால் அங்கே சும்மா கிடக்கும் இடம் மிகக் குறைவு. ஃபைபர் படகுகளை ஏற்றி வைக்க ஓரிடம், வலை பிரித்துச் சரிபார்க்க ஓரிடம், கரைவலை இழுக்க நீண்ட வெளி, நெத்திலி காயப்போட நல்ல வெயில் விழும் மணல். எதை யார் எப்போது பயன்படுத்துவது என்பது ஊருக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறும்போது படகுகளை மேலே இழுத்து வைக்கும் இடம், மற்ற மாதங்களில் வெறும் மணலாகத்தான் தெரியும். கோடையில் அளக்க வருபவர் 'காலியிடம்' என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். அப்புறம் அங்கே ஒரு சுற்றுச்சுவர் எழும்பினால் யாரிடம் போய் முறையிடுவது?

இந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித் தர 2005-இல் வந்த அரசாணை 172-இன்படி, கரையை விட்டுத் தள்ளிப் புதுவீடு பெற்றவர்கள் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வீடு கிடைத்தது, சரி. கரை கைவிட்டுப் போனது. மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று, கரையோரம் எதைக் கட்டலாம், கூடாது என்று வகுத்த 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னது; அதன் இடத்தில் வந்த 2019 அறிவிக்கையும் சொல்கிறது. புதிதாக எதையும் கேட்கவில்லை, அதைச் செய்யுங்கள் என்கிறேன்.

ஊர் பஞ்சாயத்தில் குறைகள் உண்டு, பெரிய குறைகள். அங்கே பெண்கள் உட்கார்ந்து பேச முடிவதில்லை. சுனாமி நிவாரணத்தில் கணவரை இழந்த பெண்களும் பக்கத்துத் தலித் குடும்பங்களும் விடுபட்டதாகப் புகார்கள் எழுந்தன. அதற்காக ஊரை ஒதுக்கிவிட்டு அளப்பது தீர்வாகாது. கருவாடு போடும் பெண்களையும், கடலை நம்பியிருக்கும் மற்ற குடும்பங்களையும், ஊராட்சி மன்றத்தையும் சேர்த்து அழையுங்கள். அந்த அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

அவர்களோடு கரையில் நடந்து எல்லை குறியுங்கள். வரைபடம் இறுதியாவதற்கு முன், சர்வே எண்களோடு தமிழில் ஒரு பிரதியை மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஆட்சேபம் சொல்ல ஒரு மாதமாவது கொடுங்கள்.