மினிட்ஸில் ஏறாத பேச்சு

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. செமஸ்டர் விடைத்தாள்களைத் திருத்தி முடித்த பிறகுதான் உட்கார முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தார்.

சரி, பிஎச்.டி. விஷயம். இந்த வயதில் எதற்கு என்று நீயே கேட்டுக்கொள்கிறாய். வேலையை விட வேண்டியதில்லை. கம்பெனியில் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதி நேரமாகச் சேரலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும்; மறுபதிவு செய்தால் கூடுதலாக இரண்டு வருஷம், பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷம் தரலாம். மொத்தம் பத்தைத் தாண்டக்கூடாது. மாமியாரையும் பார்த்துக்கொண்டு படிக்கிற உனக்கு அது போதும்.

தலைப்பைத்தான் யோசிக்க வேண்டும். 'பெண்களும் தலைமைப் பண்பும்' என்று பொதுவாக எழுதிக் கொடுத்துவிடாதே. ஐந்நூறு பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து டிக் போட வைத்த ஆய்வுகளை நிறையப் படித்துவிட்டேன். ஒரு பெண்ணின் முகம்கூட மனதில் நிற்பதில்லை.

நீ இத்தனை வருஷம் கம்பெனி செகரட்டரியாக, இயக்குநர்கள் கூடும் போர்டு மீட்டிங்கில் குறிப்பெடுத்து உட்கார்ந்தவள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொன்னது. முதலாளிகள் பலர் மனைவியையோ மகளையோ உட்கார வைத்தார்கள். பிறகு பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, முதலாளி குடும்பத்தோடு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநராக ஒரு பெண் வேண்டும் என்றது: 2019 ஏப்ரல் முதல் பெரிய 500 கம்பெனிகளுக்கு, அடுத்த ஏப்ரல் முதல் 1000 கம்பெனிகளுக்கு. நாற்காலி கிடைத்துவிட்டது. அங்கே அந்தப் பெண்ணின் பேச்சு எடுபடுகிறதா?

நீ ஒருமுறை சொன்னாயே, "ஒருமனதாக நிறைவேறியது என்று மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், எழுதிவிடுவேன், அந்தக் கடன் வேண்டாம் என்று முதலில் மறித்தது அந்த அம்மாதான் என்பது அதில் வராது" என்று. உன் ஆய்வு அதுதான் மல்லிகா. கூட்டத்தில் ஒரே ஒரு பெண் இருந்தால் அவளை ஓர் ஆளாகப் பார்க்காமல் பெண் இனத்தின் மாதிரியாகவே பார்ப்பார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977லேயே எழுதினார். நம் ஊர்க் குடும்பக் கம்பெனிகளில் அவள் மகளாகவும் மருமகளாகவும் வேறு உட்கார்ந்திருக்கிறாள். அதை உள்ளே இருந்து பார்த்தவர்கள் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

ஒன்று மட்டும்: உன் கம்பெனி மினிட்ஸைத் தொடாதே, அது ரகசியம். வெளியே இருபது பெண் இயக்குநர்களைச் சந்தித்து, பெயரை மறைத்து எழுது. கூட்டத்துத் தாள்கள் எத்தனை நாள் முன்னால் கைக்கு வந்தன, கூட்டத்துக்கு முன் தலைவர் யாரிடமெல்லாம் போனில் பேசினார், இப்படிக் கேள். 'உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா' என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

உனக்குப் பக்கம் கோவை பாரதியார் பல்கலைக்கழகம். கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தையும் விசாரித்துப் பார். கைடை முடிவு செய்யும் முன் அவரிடம் படித்த இரண்டு பேரிடமாவது பேசிவிடு.

பொங்கல் லீவில் இங்கே வா. வரும்போது இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வா, மாடியில் உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
வசந்தி