டிஐபிசி: அளந்ததா, பெருக்கியதா?

ஐயா,

எங்கள் எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட்டில் இரும்பு 66, டிஐபிசி (ரத்தம் மொத்தமாக எவ்வளவு இரும்பைப் பிடித்துக்கொள்ள முடியும் என்ற அளவு) 428, செறிவு (அதில் இரும்பு நிரம்பியிருக்கும் பங்கு) 15.4 சதவீதம், பக்கத்தில் குறைவு என்ற குறி. மாத்திரை ஆரம்பிக்கும் முன் இன்னொரு இடத்திலும் பார்த்துவிடுவோம் என்று நான்கு நாள் கழித்து வேறு லேபுக்குப் போனார்கள். அங்கே இரும்பு 65, டிஐபிசி 375, செறிவு 17.3. குறி எதுவும் இல்லை. “அப்ப மாத்திரை வேண்டாமாண்ணே?” என்று இரண்டு தாளையும் நீட்டினார் அவளுடைய அம்மா.

31 ஆண்டுகள் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நின்றவன் நான். இரண்டு தாளையும் பார்த்ததுமே காரணம் புரிந்தது. முதல் லேப் டிஐபிசியை அளந்திருக்கிறது. இரண்டாவது லேப் அளந்தது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தை: டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராம். அதை 1.25ஆல் பெருக்கி 375 என்று அச்சிட்டிருக்கிறது.

டிஐபிசியை நாங்கள் கையால் செய்த காலம் உண்டு. சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், தேவைக்கு மேல் இரும்புக் கரைசலை ஊற்றி, புரதம் பிடித்தது போக மிஞ்சியதை மெக்னீசியம் கார்பனேட் பொடியில் ஒட்டவைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரில் இருக்கும் இரும்பை நிறம் வைத்து அளப்போம். சோதனைக் குழாயை அமிலத்தில் கழுவாமல் குழாய்த் தண்ணீரில் அலசினால் போச்சு, அந்தத் தண்ணீரிலுள்ள இரும்பும் கணக்கில் ஏறிவிடும். ஆல்புமின் போன்ற மற்ற புரதங்களும் கொஞ்சம் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் இந்த முறையில் அளவு சற்றுக் கூடுதலாகவே வரும்.

டிரான்ஸ்ஃபெரின் முறை வேறு. எதிர்ப்பொருளைச் சேர்த்து, உண்டாகும் கலங்கலை இயந்திரம் அளக்கும். துல்லியமான முறைதான், குறை சொல்ல மாட்டேன். சிக்கல் பெருக்கலில். ஒரு டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களைப் பிடிக்கும். மூலக்கூறு எடையை வைத்துக் கணக்கிட்டால் ஒரு மில்லிகிராமுக்கு 1.4 மைக்ரோகிராம் இரும்பு. 300ஐ 1.4ஆல் பெருக்கினால் 420, செறிவு 15.5. முதல் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 1.25, 1.4 இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. 16 சதவீதத்துக்குக் கீழே போனால் இரும்புக் குறைபாட்டைச் சந்தேகிக்கும் வழக்கம் இருக்கும்போது, எந்த எண்ணால் பெருக்குகிறோம் என்பதே ஒரு பெண்ணுக்கு மாத்திரை உண்டா இல்லையா என்று தீர்மானித்துவிடுகிறது.

நல்லவேளை, மருத்துவர் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் எடுக்கச் சொன்னார். 9 வந்தது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 15. காய்ச்சல், அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். இவளுக்கு அப்படி எதுவும் இல்லை. மாத்திரை தொடங்கிவிட்டாள்.

ஆய்வகங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரி. டிஐபிசி என்று அச்சிடும் இடத்துக்குக் கீழே “நேரடியாக அளந்தது” அல்லது “டிரான்ஸ்ஃபெரினிலிருந்து கணக்கிட்டது, பெருக்கெண் இவ்வளவு” என்று போடுங்கள். தேவைப்படும் இடத்தில் சோதனை முறையைக் குறிப்பிட வேண்டும் என்று மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநெறியே சொல்கிறது. மென்பொருளில் ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு அதுவே அச்சாகும். மறு பரிசோதனைக்குப் போகிறவர்கள் அதே லேபுக்கே போங்கள். இடம் மாறினால் பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டி, எந்த முறை என்று கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
திண்டுக்கல்.