பெட்டியைப் பிரித்து வை, பாப்பா

கோத்தகிரி,
ஜனவரி, ஞாயிறு மாலை

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நாலு நாளாக உறைபனி. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது, பள்ளத்துப் பக்கம் கொழுந்து கருகிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

போன வாரம் போனில் கேட்டாயே, "வருஷப் பிறப்புக்கு எனக்கு வந்த வாக்குத்தத்த வசனம் பார்த்தீங்களாப்பா? எரேமியா 29:11, எதிர்பார்க்கிற முடிவைக் கொடுக்க உங்கள்மேல் நினைவாயிருக்கேன்னு கர்த்தர் சொல்ற வசனம். போன வருஷமும் இதேதான். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாம்னு இங்கே வேலையை விட்டு பதினாலு மாசம் ஆச்சு, விசா வரல. கர்த்தர் என்னதான் நினைச்சிட்டு இருக்கார்?" என்று. நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் இருந்தது, எனக்குத்தான் வார்த்தை வரவில்லை. அன்று ராத்திரி வேதத்தை எடுத்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன்.

அது ஒரு கடிதம், பாப்பா. எருசலேமில் இருந்த எரேமியா, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எழுதினது. இதோ திரும்பிவிடுவோம், இதோ திரும்பிவிடுவோம் என்று அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிறவன் ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. எரேமியா எழுதினது 70 வருஷம். நம் வாக்குத்தத்த அட்டையில் 11-ஆம் வசனம் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு மேலே 10-ஆம் வசனத்தில் அந்த 70 இருக்கிறது.

போன ஆகஸ்டில் உன் தலையில் கைவைத்து "மூன்று மாதத்தில் பறப்பாய்" என்று ஒருவர் சொன்னார். அவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் நீ அதைக் கர்த்தர் கொடுத்த நாளாக எடுத்துக்கொண்டாய். நாள் தப்பினதும் கர்த்தர்மேல் உனக்கு வருத்தம். அவர் உனக்குத் தேதி எதுவும் சொல்லவில்லையே, கண்ணு.

சரி, 70 வருஷம் என்றால் அதுவரை என்ன செய்வது? அதுவும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது, 5-ஆம் வசனத்தில். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். அந்நிய ஊரில், யாருடையதோ ஆன மண்ணில்! அதை வாசித்ததும் எனக்கு உன் தாத்தாவின் தகரப்பெட்டி ஞாபகம் வந்தது.

1964-இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று முடிவானது. அந்தக் கணக்கில் நாங்களும் இருந்தோம். 1971-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது எனக்கு ஏழு வயது. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. அரசு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பலர். நமக்குக் கிடைத்தது ஒரு தனியார் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு. தாத்தா அந்தப் பெட்டியைக் கயிறு கட்டியபடியே கட்டிலடியில் வைத்திருந்தார். நல்ல வேட்டி, அவருடைய அப்பா படம், சில பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் அதற்குள்தான். "எப்படியும் திரும்பிப் போயிடுவோம்" என்பார். அப்பாயி தகர டப்பாவில் சமைத்தாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே அப்பாயி எங்கேயோ ஒரு பேரிக் கன்று கேட்டு வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் நட்டாள். "தோட்டத்துக்காரன் வீடு, நாளைக்குப் போன்னா போகணும், உனக்கு எதுக்கு மரம்?" என்று தாத்தா கத்தினார். "யார் வீடா இருந்தா என்ன, புள்ளைக்குப் பசிக்குமே" என்றாள். காய்க்க எட்டு வருஷம் ஆனது. அவளுக்கு எழுத்து தெரியாது, எரேமியாவை வாசித்ததே இல்லை. ஆனால் அந்தக் கடிதம் அவள் கைக்கு வந்து சேர்ந்த மாதிரிதான் வாழ்ந்தாள்.

1983 ஜூலையில் கொழும்புக் கலவரச் செய்தியை ரேடியோவில் கேட்ட அன்று தாத்தா சாப்பிடவில்லை. தம்பி குடும்பம் அங்கே இருந்தது. ராத்திரி கயிற்றை அவிழ்த்து பாத்திரங்களை எடுத்து அப்பாயியிடம் கொடுத்தார். கர்த்தர் நம்மைத் தப்பவைத்தார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தம்பியை அங்கே வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்?

எனக்கும் அப்படி ஒரு சமயம் வந்தது. 2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நீ மூன்றாம் வகுப்பு. உன்னைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். எதிர்ச் சரிவில் மண்ணுக்குள் போன குடும்பம் நம்மைவிட நன்றாக ஜெபிக்கிற குடும்பம். மறு ஞாயிறு சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. பல மாதம் ஜெபத்தில் வாய் அசைந்தது, அவ்வளவுதான். அப்போது என்னைத் தாங்கினது அதே பாபிலோனில், அக்கினிச் சூளையில் போடுவேன் என்ற ராஜாவிடம் மூன்று வாலிபர்கள் சொன்ன ஒரே சொல், "விடுவிக்காமற்போனாலும்." எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அதைச் சொல்கிறார்கள். இன்றைக்கும் என் விசுவாசம் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது.

சென்னையில் உன் அறைக்கு வந்தபோது பார்த்தேன். இரண்டு பெட்டியும் பூட்டினபடி. ஒரு தட்டு, ஒரு டம்ளர். மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டிக்குக் கூப்பிட்டும், "எந்நேரமும் விசா வரலாம்" என்று மறுத்துவிட்டாய். ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை வரை தேறினவள் நீ, அது எங்கேயும் போகாது. சான்றிதழ் சரிபார்த்து முடிகிற அன்றைக்கு முடியட்டும். முடியாமலே போனாலும் அவர் உன் தேவன்தான். அதுவரை சென்னையில் ஒரு நோயாளிக்கு உன் கை வேண்டியிருக்கிறதே. அதே கடிதத்தில் பாபிலோனுக்காகவே ஜெபிக்கச் சொன்னவர், சென்னைக்காக உன்னிடம் கேட்கமாட்டாரா?

எங்களுக்கும் இந்த வீடு எத்தனை நாளோ தெரியாது. அண்ணன் இங்கே வேலையில் இருக்கும்வரைதான். நேற்று பேரி மரத்துக்குக் கவாத்து எடுத்தேன், அடியில் சாணமும் போட்டேன். ஒரு இலை இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கிறது.

அந்த ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போய்க் கேள். அம்மா மூன்று லிட்டர் குக்கர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். வர்க்கியும் சேர்த்துப் பார்சலில் போடுகிறோம், அறை விலாசத்தைச் சரியாக எழுதி அனுப்பு.

ஜெபத்துடன்,
அப்பா