மாடித்தோட்டக் குழு: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குடியிருப்பின் மாடித்தோட்டத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் கூட்டங்களில் கத்தரிக்காயைவிட அதிகம் பேசப்பட்டது தளத்தில் இறங்கும் ஈரம். செடி வளர்க்கும் பைகளைத் தரையிலேயே வைப்பதால் அடியில் காயவே வழியில்லை என்று மேல்மாடி வீட்டுக்காரர்கள் கோடையிலேயே புகார் கொடுத்தார்கள். நியாயமான புகார்தான், பைகளை நகர்த்தினால் ஓட்டு இடுக்குகளில் வேர் ஓடியிருந்தது. இரும்பு ஸ்டாண்டு போட்டுப் பைகளை உயர்த்தினோம். பாரம் குறைய, வெறும் மண்ணை விட்டுவிட்டு செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தோம். கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பே செடியை வாட்டிவிடும்.

அப்புறம், வழியும் தண்ணீரைப் பிடிக்க அடித்தட்டு வைத்தோம். அதில் அடுத்த வம்பு வந்தது. கொசு ஒழிப்புக்காக வந்த மாநகராட்சிப் பணியாளர்கள் தட்டுகளில் நெளிந்த புழுக்களைக் காட்டினார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இப்போது பெரும்பாலான தட்டுகளில் மணல் நிரப்பிவிட்டோம். மணல் போடாதவர்கள் வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். சும்மா கவிழ்த்தால் போகாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, கொடி அவரை விதைத்தோம். சித்திரையிலேயே அவசரப்பட்டு அவரை போட்ட சிலருக்கு மாதக்கணக்கில் கொடியும் இலையும்தான் மிச்சம். பகல் குறுகினால்தான் கொடி அவரை பூக்கும். நம் அவசரம் அதற்குத் தெரியாது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் பந்தல் சாய்ந்து, புடலை முழுக்கப் போனது. அடித்துளை அடைத்திருந்த பைகளில் மிளகாய்ச் செடிகள் அழுகின. சாய்ந்த அவரையைத் தூக்கிக் கட்டினோம். தை மாதம் கை நிறையக் காய்த்தது. ஐப்பசி மழையில் தெளித்த கீரை விதை எல்லாம் அடித்துக்கொண்டு போனதால், கீரையைத் தைக்குத் தள்ளினோம். முளைக்கீரை 25 நாளுக்குள் பறிப்புக்கு வந்தது.

மாசியில் வெண்டையிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடித்தோம். வெயிலில் அடித்தால் இலை கருகும். எறும்பையும் விரட்ட வேண்டும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான்.

படிக்கட்டு ஓரத்து மூலிகைத் தொட்டிகள் எல்லோருக்கும் பொது. ஓமவல்லி, துளசி, தூதுவளை மூன்றும் மழைக்காலச் சளிக்குக் கஷாயமாகிக் கஷாயமாகி மொட்டையாகிவிட்டன. பரவாயில்லை, அதற்குத்தான் வைத்தோம். ஆனால் வல்லாரையை யாரோ வேரோடு பிடுங்கியிருக்கிறார்கள். கிள்ளிக்கொள்ளுங்கள், பிடுங்காதீர்கள். ஆர்ஓ இயந்திரக் கழிவுநீரைத் தொட்டிகளில் ஊற்றும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள்; உப்பு சேர்ந்து இலை நுனி காய்கிறது.

விதைப் பெட்டியிலிருந்து எடுத்தவர்கள் அறுவடைக்குப் பின் இரண்டு மடங்காகத் திருப்பித் தருவது என்பது நம் ஏற்பாடு. கத்தரி விதை வந்துவிட்டது. கொத்தவரை விதை வாங்கிப் போனவர்கள் யார் என்று குறிப்பேட்டில் இருக்கிறது, இங்கே வாசிக்கவில்லை.

வரும் ஆண்டுக்கு மூன்று விஷயங்கள். கத்திரி வெயிலுக்கு முன், வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை கட்ட நிதி ஒதுக்க வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளைகளுக்கு (பை, விதை, உரம் அடங்கிய தொகுப்பு) விண்ணப்பிக்க விரும்புவோர் ஆதார் நகலுடன் என்னிடம் பெயர் கொடுக்கலாம். பதிவு செய்வதில் உதவுகிறேன். பந்தலை இந்த முறை கயிற்றுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியில் கட்ட வேண்டும் என்ற யோசனையையும் கூட்டம் இன்றே முடிவு செய்தால் நல்லது, ஆடிக்கு முன் வேலை முடியும்.

இப்படிக்கு,
செயலாளர்