லூபஸ் உள்ளவர்களின் ரத்த அழுத்தம் குறித்துச் சில சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர் ரத்த அழுத்தம் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை, 16 ஆண்டுகளாக லூபஸ் நோயோடும் 14 ஆண்டுகளாக ரத்த அழுத்தத்தோடும் வாழ்ந்து வருபவள் என்ற முறையில் இரண்டு முறை படித்தேன். நடுவயதைக் கடந்த பொதுவான வாசகருக்கு அதில் சொல்லப்பட்டவை பயன்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதிலுள்ள சில அறிவுரைகளை என்னைப் போன்றவர்கள் அப்படியே பின்பற்றினால் கேடு நேரக்கூடும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலின் உறுப்புகளையே தாக்குவதுதான் லூபஸ். இந்நோய்க்கு ஆளாவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோருக்கு அது பிள்ளை பெறும் வயதில்தான் தொடங்குகிறது. கன்னத்தில் படரும் சிவப்புத் தடிப்பும் மூட்டு வலியும் முடி உதிர்தலும் எல்லோர் கண்ணிலும் படும். சிறுநீரகத்தில் உண்டாகும் அழற்சியோ வலியே இல்லாமல் நடக்கும். பல வேளைகளில் ரத்த அழுத்தம் ஏறுவதும் சிறுநீரில் புரதம் கசிவதும் மட்டுமே அதை வெளியே காட்டிக்கொடுக்கும்.

எனக்கு 24 வயதில் லூபஸ் உறுதியானது. 26 வயதில் தலைவலி என்று ஒரு கிளினிக்குக்குப் போனபோது அழுத்தம் 150/100 இருந்தது. லூபஸ் இருப்பதைச் சொல்லியும், "இந்த வயசுல பிரஷர் வராதும்மா, டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். பக்கத்து அறையிலேயே ஆய்வகம் இருந்தும் சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஆறு வாரம் கழித்துக் காலும் முகமும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகத் தொடங்கிய பிறகே வேறொரு மருத்துவமனையில் சிறுநீரகத்தில் பயாப்ஸி செய்து, அதாவது ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்து, லூபஸ் அங்கும் பரவிவிட்டதைக் கண்டறிந்தார்கள். அந்த ஆறு வாரங்களை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறுவதில்லை.

லூபஸ் உள்ளவர்களுக்கு அழுத்தம் ஏறச் சிறுநீரகம் மட்டுமே காரணமில்லை. உயிரைக் காக்கும் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டே உப்பையும் நீரையும் உடலில் தேக்கி அழுத்தத்தை உயர்த்தும். அதற்காக, உறவினர் பேச்சைக் கேட்டு அதைத் திடீரென நிறுத்துவது பேராபத்து. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடல் தனக்கு வேண்டிய ஹார்மோனைத் தானே சுரக்க மறந்திருக்கும் என்பதால், மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மூட்டு வலிக்கு மெடிக்கல் கடையில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றிச் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. நான் அப்படி எத்தனை பட்டை வாங்கி விழுங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

எங்களுக்கு எழுதித் தரப்படும் டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை அழுத்தத்தைக் குறைப்பதோடு சிறுநீரில் புரதம் கசிவதையும் குறைக்கின்றன. ஆகவே, கடையில் அந்த மாத்திரை இல்லையென்று "இதுவும் பிரஷர் மாத்திரைதான்" என வேறொன்றை எடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்ளக் கூடாது. இம்மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்பவை என்பதையும், குழந்தை வேண்டுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லித் திட்டமிட வேண்டும் என்பதையும் மணமான லூபஸ் பெண்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின்பு, மருந்துகளை மாற்றிக்கொண்டு கருவுற்றதால்தான் என் மகள் நலமாகப் பிறந்தாள்.

இனி, தங்கள் கட்டுரையில் கண்ட அறிவுரைகளுக்கு வருகிறேன். காலை வெயிலில் நடக்கச் சொல்லியிருந்தீர்கள். வெயில் பட்டால் லூபஸ் சீறி எழும்; நாங்கள் விடியுமுன்போ பொழுது சாய்ந்த பிறகோதான் நடக்க முடியும். உப்பைக் குறைக்கச் சொன்னது மிகச் சரி. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாவற்றையும் நான் விட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அதற்கு ஈடாகப் பொட்டாசியம் கலந்த உப்பையும் அன்றாடம் இளநீரையும் பரிந்துரைத்திருந்தது எனக்குக் கவலை தந்தது. சிறுநீரகம் பழுதுபட்டு, டெல்மிசார்டனும் எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடம்புரளலாம். இந்துப்பு நல்லது என்றொரு நம்பிக்கையும் பரவியிருக்கிறது. அதிலும் பெரும்பகுதி சாதாரண உப்பில் உள்ள அதே சோடியம் குளோரைடுதான்.

எனக்கு மருத்துவர் வகுத்துத் தந்த எல்லை 130/80. வாரம் மூன்று நாள், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் வீட்டிலேயே அளந்து ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். இரண்டு முறை அந்த நோட்டில் ஏறிய எண்களைக் கண்டுதான் சிறுநீரகத்தில் நோய் மறுபடி தலைதூக்கியதை, வீக்கம் வருமுன்பே, மருத்துவர் பிடித்தார்.

ரத்த அழுத்தம் பற்றி அடுத்த முறை எழுதும்போது, இளம் பெண்ணுக்கு அழுத்தம் மிகுந்திருந்தால் அன்றே சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும் என்பதையும், சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் உப்பை மாற்றக் கூடாது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிறுநீர்ச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சில நிமிடங்களில் செய்யக்கூடியதுதான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி