விளக்கோடு நின்றவர்களுக்கு நன்றி

குலசேகரம், பேச்சிப்பாறை ரோட்டோரத்து மக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஆறு மாதமாக விடியுமுன்னே உங்கள் வாசல்களைக் கடந்து ஓடிய இரண்டு பெண்கள் நாங்கள்தான். ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ். போன மாதம் கிரீஸ் நாட்டில், ஏதென்ஸில், எங்கள் முதல் மாரத்தானை ஓடி முடித்தோம். 42.195 கிலோமீட்டர், 5 மணி 52 நிமிடம். ஊருக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் வாழ்த்துகிறீர்கள். அந்த வாழ்த்தில் பாதிக்குமேல் உங்களுக்குச் சேர வேண்டியது.

ஏதென்ஸ் என்று முடிவு செய்தது தோழிதான். அங்கே மாரத்தான் என்பதே ஓர் ஊரின் பெயர். அந்த ஊரில் தொடங்கி, 1896இல் முதல் நவீன ஒலிம்பிக் நடந்த பளிங்கு அரங்கில் ஓட்டம் முடியும். பணம் கட்டிய பிறகுதான் பாதையை ஒழுங்காகப் பார்த்தோம். 10ஆவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஏறத் தொடங்கினால் 31 வரை பெரும்பாலும் ஏற்றம். "நம்ம ஊரில ஏற்றத்துக்கா பஞ்சம்?" என்றாள் அவள். சரி என்று இறங்கிவிட்டோம்.

எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. அதனால் நாலரை மணிக்கே ரோட்டில் இறங்க வேண்டும். ரப்பர் தோட்டத்து இருட்டில் இரண்டு பெண்கள் மட்டும் ஓடுவதற்கு எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? முதல் வாரம் என் கணவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். எட்டாம் நாள், வளைவுக்குப் பக்கத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த மாமா நெற்றி விளக்கோடு ரோட்டுக்கு வந்தார். "மக்களே, தைரியமா ஓடுங்க. இங்க இருந்து அந்த ஓடை வரைக்கும் நாங்க ஏழு பேரு மரத்தடியிலதான் நிக்கோம்."

அதற்கப்புறம் ஸ்கூட்டர் தேவைப்படவில்லை. வெயில் ஏறினால் பால் வரத்துக் குறைந்துவிடும், அதனால் அவர்கள் இருட்டோடேயே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் மரங்களுக்கு நடுவே ஒவ்வொரு விளக்காக ரோட்டுப் பக்கம் திரும்பும், ஒரு தடவை அசையும், திரும்பவும் பட்டைக்குப் போய்விடும். எங்கே போகிறீர்கள், இதெல்லாம் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. பட்டை நனைந்தால் வெட்டு கிடையாது, அன்றையக் கூலியும் கிடையாது. அப்படி ஒரு காலையில், இன்றைக்கு ரோடு முழுக்க இருட்டுதான் என்று நினைத்துக்கொண்டே திரும்பினால் வளைவில் ஒற்றை விளக்கு. தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா நிற்கிறார். விளக்கு வெளிச்சத்தில் மழை கம்பி கம்பியாக விழுகிறது. "வேலை இல்லாத நாளில எதுக்கு மாமா வந்தீங்க?" என்று கேட்டேன். "நீங்க வருவியள்லா" என்றார். அன்றைக்கு அழுதுகொண்டேதான் ஓடினேன்.

இன்னும் நிறையப் பேர். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப் போன வீட்டுக்காரர்கள். கடை திறக்குமுன்னே திண்ணையில் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்த டீக்கடை அக்கா. நெடுந்தூரம் ஓடும் ஞாயிறுக்கு முந்தின ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்துத் தந்து, காலையில் இடுப்புப் பையில் நாலு மட்டிப் பழத்தைத் திணித்து அனுப்பிய என் அத்தை. 28 கிலோமீட்டர் ஓடிய மறுநாள் என் முழங்கால் வீங்கியபோது, இரண்டு வாரம் ஓடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன பிசியோதெரபிஸ்ட் தங்கைக்குத் தனியாக நன்றி. அன்றைக்கு அவள்மேல் கோபப்பட்டேன், அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். என் வகுப்பைப் பங்குபோட்டு எடுத்த டீச்சர்மாருக்கும், டியூட்டி மாற்றிக்கொடுத்த நர்ஸ் அக்காமாருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த ஓட்டத்தின் பழைய கதை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1896இல் ஆண்களுக்கு மட்டும்தான் போட்டி. ஸ்டமாட்டா ரெவித்தி என்ற ஏழைத் தாய் மறுநாள் அதே பாதையில் தனியாக ஓடினார். அவரை அரங்குக்குள் விடவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல்தான். ஓடும்போது அவரை அடிக்கடி நினைத்தேன். அவருக்கு வழியில் யாராவது ஒரு விளக்கை அசைத்திருப்பார்களா?

29ஆவது கிலோமீட்டரில் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. "நீ போ மக்கா" என்றேன். தோழி ஒன்றும் பேசாமல் ரோட்டிலேயே உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்து நீவிவிட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி வந்து "பிராவோ" என்று சொல்லி ஆளுக்கொரு ஒலிவக் கிளையைக் கையில் தந்தார். அவர் பேசிய மற்றது எதுவும் எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் மாமாவின் "மக்களே"தான் காதில் விழுந்தது. அந்தக் கிளைகளைப் பிடித்தபடியே அரங்குக்குள் போனோம்.

ஊருக்கு வந்ததும் ஒரு கிளையை மாமாவிடம் கொடுத்தோம். இலை காய்ந்துவிட்டது, ஆனாலும் உதிரவில்லை. நெற்றி விளக்கை மாட்டும் ஆணியில் செருகி வைத்திருக்கிறார்.

வருகிற ஞாயிறு நாலரைக்கு மறுபடியும் வளைவுக்கு வருகிறோம்.

அன்புடன்,
டீச்சரும் நர்ஸும்