என்னை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் கேளுங்கள்

இதய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். இதயச் செயலிழப்பு உள்ள அப்பாவை நான்கு வருடங்களாகப் பார்த்துக்கொள்ளும் மகள் நான். ஒவ்வொரு முறை வரும்போதும் எடை, கால் வீக்கம், மூச்சு, உப்பு, மாத்திரை என்று எல்லாம் விசாரிக்கிறீர்கள். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் அவர் மனது எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் அந்தப் பெயர். 'செயலிழப்பு' என்ற சொல் காதில் விழுந்த அன்றே, தன் கதை முடிந்தது என்று அப்பா எடுத்துக்கொண்டார். இதயம் நின்றுபோகவில்லை, ரத்தத்தை வாங்கித் தள்ளும் வலு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால், அந்த முதல் மாதம் அவர் கொஞ்சமாவது தூங்கியிருப்பார்.

அப்புறம், உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் நீர் மாத்திரை. போட்டால் அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டும். வெளியிடத்தில் அது கூச்சம். அதனால் எங்கும் போவதை நிறுத்தினார். நண்பர்கள் வருவதும் மெல்லக் குறைந்தது. ஒருநாள் "யாருக்காக இதெல்லாம்?" என்று மாத்திரையையே விட்டுவிட்டார். நீர் தேங்கி 3 நாளில் 2 கிலோ ஏறி, மூச்சு முட்டி, மறுபடி மருத்துவமனை. 'மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்' என்று குறிப்பு எழுதினார்கள். பொய்யில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எழுதத்தான் அந்தத் தாளில் இடமில்லை.

இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அவர்கள் மருத்துவமனைக்குத் திரும்புவதும் அதிகம், இறப்பதும் அதிகம். களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் இதயத்தின் கணக்கிலேயே போய்விடுவதால் மனச்சோர்வு கண்ணில் படுவதில்லை. சரி, ஒரு மாத்திரை எழுதிவிடலாமா? 2010-லும் 2016-லும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், மனச்சோர்வு மருந்துகள் இந்த நோயாளிகளுக்கு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. பேச்சுவழிச் சிகிச்சையும், மேற்பார்வையோடு செய்த உடற்பயிற்சியும்தான் ஓரளவு கைகொடுத்தன. அதற்கு அனுப்பி வையுங்கள்.

எடை பார்க்கும்போதே கேட்டுவிடலாம்: கடந்த 2 வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனது சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போய் இருந்ததா? பகலில் பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள்?

என்னிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். நான் பக்கத்தில் இருந்தால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். என்னை ஒரு ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்